கரைசல் முறை உப்பு அகழ்வு

கரைசல் முறை உப்பு அகழ்வு என்பது நிலத்தடியில் பாறையாகப் படிந்துள்ள உப்பை, மனிதர் உள்ளே இறங்கி வெட்டாமல், ஆழ்துளைக் கிணறு வழியே நீரைச் செலுத்திக் கரைத்து, உவர்நீராக மேலே கொண்டுவரும் முறையாகும். இவ்வுவர்நீர் நேரடியாக வேதித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பப்படுகிறது. அல்லது காய்ச்சப்பட்டுத் தூய உப்பாக்கப்படுகிறது. உப்பு கரைந்து வெளியேறிய இடத்தில் நிலத்தடியில் ஒரு பெரிய வெற்றறை உண்டாகிறது. இதனை உப்புக் குகை என்பர்.

இம்முறையில் வெட்டுவோரின் வேலையை நீர் செய்கிறது. எனவே சுரங்கத் தொழிலாளருக்கு ஏற்படும் இடர்கள் குறைகின்றன. ஆனால் இரண்டு செலவுகள் எஞ்சுகின்றன. ஒன்று, கரைப்பதற்கு வேண்டிய பெருமளவு நீர். மற்றொன்று, கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தடியில் வளரும் வெற்றறை. இவ்விரண்டையும் முன்கூட்டியே கணக்கிட்ட இடங்களில் இம்முறை பாதுகாப்பாக நடந்துள்ளது. கணக்கிடத் தவறிய இடங்களில் வீடுகளும் ஊர்ப்பகுதிகளும் அழிந்துள்ளன.

பாறை உப்பு தோன்றும் விதம்

பாறை உப்பு என்பது பழங்காலக் கடல்கள் வற்றியதால் உண்டான படிவு ஆகும். பெருங்கடலிலிருந்து ஓரளவு துண்டிக்கப்பட்ட ஆழமற்ற கடற்பகுதியில், உள்ளே வரும் நீரைவிட ஆவியாகும் நீர் மிகுதியாக இருந்தால், உப்புச் செறிவு படிப்படியாக உயரும். முதலில் சுண்ணாம்புப் பொருள்களும், பின்னர் ஜிப்சமும், அதன்பின் சோடியம் குளோரைடும், இறுதியில் பொட்டாசியம், மக்னீசியம் உப்புகளும் படியும். மரக்காணம், வேதாரணியம், தூத்துக்குடி ஆகிய இடங்களின் உப்பளப் பாத்திகளில் சில வாரங்களில் நடைபெறும் நிகழ்ச்சியே, அங்குப் பல்லாயிரம் ஆண்டுகள் நீடித்து நடந்துள்ளது எனலாம். பின்னர் களிமண்ணும் பிற படிவுகளும் மேலே மூடியதால், மழைநீர் எட்டாத ஆழத்தில் உப்பு பாதுகாக்கப்பட்டது.

எனவே பாறை உப்பு கிடைக்க மூன்று நிலைமைகள் தேவை. அவ்விடத்தில் ஒரு காலத்தில் கடல் இருந்திருக்க வேண்டும். அது வற்றியிருக்க வேண்டும். வற்றிய உப்பை நீர்புகாத படிவுகள் மூடியிருக்க வேண்டும்.

உப்பு இல்லாத நிலம்: கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

ஓர் இடத்தில் இம்முறை ஏன் இயலாது என்பதை அறிவதும் இம்முறையைப் புரிந்துகொள்ள உதவும். 2019ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். அதன் மேற்கு எல்லையில் கல்வராயன் மலை அமைந்துள்ளது. இம்மலை சார்னோக்கைட்டு, நைசு ஆகிய கடினப் பாறைகளால் ஆனது. இப்பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். புவியோட்டின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய இவை, கடல் வற்றிப் படிந்த அடுக்குகள் அல்ல. ஆகவே இங்குப் பாறை உப்பு இல்லை.

கல்வராயன் மலைக்குத் தென்கிழக்கே உள்ள அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளில் பழங்கடற் படிவுகள் உண்டு. அங்குச் சுண்ணாம்புக் கல்லும், களிப்பாறைகளின் இடையே இழை இழையாக ஜிப்சமும் கிடைக்கின்றன. ஆயினும் கரைத்து எடுக்கத்தக்க தடித்த உப்புப் படுகை எதுவும் தமிழ்நாட்டில் அறியப்படவில்லை.

கள்ளக்குறிச்சி நகரம் கடலூர், புதுச்சேரிக் கடற்கரையிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. இத்தகைய உள்நாட்டு ஊர்களுக்கு உப்பு எப்போதும் வெளியிலிருந்தே வரவேண்டியிருந்தது. கடற்கரை உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்று நெல்லுக்கு மாற்றிய உமணர்களைச் சங்க இலக்கியம் குறிப்பிடுகிறது.

உப்புக்கு உள்நாட்டில் வேறொரு வழியும் இருந்தது. உவர் நிலத்தின் மேல்மண்ணைச் சுரண்டி, அடியில் துளையுள்ள தொட்டியில் இட்டு, நீர் ஊற்றிக் கரைத்து வடிப்பர். வடிந்த உவர்நீரை வெயிலில் உலர்த்தியோ அடுப்பில் காய்ச்சியோ உப்பு எடுப்பர். இது மண் உப்பு எனப்பட்டது. சேலம், திருச்சிராப்பள்ளி, கோயம்புத்தூர் முதலிய உள்மாவட்டங்களில் உப்பிலியர் என்னும் சமூகத்தார் இத்தொழிலைச் செய்துவந்தனர். பிரித்தானிய அரசின் உப்பு வரிக் கொள்கையால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மண் உப்புக் காய்ச்சுதல் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்டது. உப்பைக் கரைத்து, மண்ணை விட்டுவிட்டு, கரைசலை மட்டும் எடுத்துச் செல்வது என்ற வகையில் கரைசல் முறை அகழ்வின் அடிப்படைக் கருத்தும் இதுவே. வேறுபாடு ஆழத்திலும் அளவிலுமே உள்ளது.

அடிப்படைக் கணக்கு

அறை வெப்பநிலையில் 100 கிலோகிராம் நீர் ஏறத்தாழ 36 கிலோகிராம் சோடியம் குளோரைடைக் கரைக்கும். அதற்குமேல் கரையாத நிலையைத் தெவிட்டிய நிலை என்பர். தெவிட்டிய உவர்நீரின் எடையில் ஏறத்தாழ 26 விழுக்காடு உப்பு ஆகும். கடல்நீரில் இது ஏறத்தாழ 3.5 விழுக்காடே. அதாவது, நிலத்தடியிலிருந்து வரும் உவர்நீர் கடல்நீரைவிட ஏழு மடங்குக்கும் மேல் செறிவானது.

ஒரு கன மீட்டர் பாறை உப்பின் எடை ஏறத்தாழ 2.16 டன். இதனைக் கரைக்க ஏறத்தாழ 6 டன் நீர், அதாவது 6 கன மீட்டர் நீர், தேவை. கரைசல் முழுமையாகத் தெவிட்டுவதற்கு முன்பே வெளியேறுவதாலும், புதிதாக உண்டாகும் வெற்றறையை நிரப்பவும் நீர் வேண்டியிருப்பதாலும், நடைமுறையில் ஒரு கன மீட்டர் குகைக்கு 7 முதல் 8 கன மீட்டர் நீர் செலவாகிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு கிணற்றிலிருந்து மணிக்கு 100 கன மீட்டர் தெவிட்டிய உவர்நீர் வெளிவருகிறது எனக் கொள்வோம். ஒரு கன மீட்டர் உவர்நீரில் ஏறத்தாழ 310 கிலோகிராம் உப்பு இருப்பதால், மணிக்கு 31 டன் உப்பு வெளியேறுகிறது. அதனால் மணிக்கு ஏறத்தாழ 14 கன மீட்டர் வெற்றறை நிலத்தடியில் உண்டாகிறது. ஆண்டுக்கு 8,000 மணி நேரம் இக்கிணறு இயங்கினால், ஓராண்டில் உண்டாகும் வெற்றறை ஏறத்தாழ 1,15,000 கன மீட்டர் ஆகும். இது ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 49 மீட்டர் கொண்ட ஒரு கனசதுரத்துக்குச் சமம். மேலே நிற்பவருக்குத் தெரிவது ஒரு குழாயும் ஓர் அடைப்பிதழும் மட்டுமே.

கிணறு அமைக்கும் முறை

கல்வராயன் மலையடிவாரத்தில் வேளாண்மைக்காகத் துளைக்கப்படும் ஆழ்துளைக் கிணற்றையும் உப்புக் கிணற்றையும் ஒப்பிட்டால் வேறுபாடு எளிதில் விளங்கும். வேளாண் கிணற்றில் மேல்மண் சரியாமல் இருக்கக் கடினப் பாறை வரை மட்டும் உறைக் குழாய் இறக்குவர். அதற்குக் கீழே துளை வெறும் பாறையிலேயே நிற்கும். பாறை வெடிப்புகளில் ஓடும் நீர் துளைக்குள் வர வேண்டும் என்பதே அங்கு நோக்கம்.

உப்புக் கிணற்றில் நோக்கம் நேர்மாறானது. வழியில் உள்ள நிலத்தடி நீர் எதுவும் உள்ளே வரக்கூடாது. உள்ளே உள்ள உவர்நீர் எதுவும் வெளியே கசியக்கூடாது. ஆகவே தரையிலிருந்து உப்புப் படுகை வரை எஃகு உறைக் குழாய்கள் இறக்கப்பட்டு, குழாய்க்கும் பாறைக்கும் இடையிலுள்ள வெளி முழுவதும் சிமெண்டுக் குழம்பால் அடைக்கப்படுகிறது. இந்த அடைப்பு பழுதுபட்டால் அப்பகுதியின் குடிநீர்க் கிணறுகள் உவர்ப்பாகிவிடும்.

உறைக் குழாயின் உள்ளே, ஒன்றினுள் ஒன்றாக இரு குழாய்கள் தொங்கவிடப்படுகின்றன. ஒன்றின் வழியே நன்னீர் கீழே செல்கிறது. மற்றதன் வழியே உவர்நீர் மேலே வருகிறது. நீர் உட்குழாயின் வழியே இறங்கி, இரு குழாய்களுக்கும் இடைப்பட்ட வெளியில் உவர்நீர் ஏறினால் அது நேர்ச் சுற்றோட்டம் எனப்படும். திசையை மாற்றினால் அது எதிர்ச் சுற்றோட்டம் ஆகும். எந்தச் சுற்றோட்டம், எந்த ஆழத்தில் குழாய் முனை என்பவற்றை மாற்றுவதன் மூலம் குகையின் வடிவம் கட்டுப்படுத்தப்படுகிறது.

நீரை உள்ளே செலுத்த அழுத்தம் தேவை. தெவிட்டிய உவர்நீரின் அடர்த்தி நன்னீரைப்போல 1.2 மடங்கு. எனவே 500 மீட்டர் ஆழக் கிணற்றில் உள்ள உவர்நீர்த் தம்பம், 600 மீட்டர் நன்னீர்த் தம்பத்துக்குச் சமமான எடை கொண்டது. இந்த 100 மீட்டர் வேறுபாட்டை ஈடுசெய்ய ஏறத்தாழ 10 வளிமண்டல அழுத்தம் வேண்டும். குழாய்களில் ஏற்படும் உராய்வு இதற்கு மேலதிகமாகும்.

குகையை உருவாக்குதல்

நன்னீர் உவர்நீரைவிட இலேசானது. ஆகையால் குகைக்குள் செல்லும் நன்னீர் மேலே எழும்பிக் கூரையைச் சென்றடையும். கூரை மிக விரைவாகவும், சுவர்கள் அதைவிட மெதுவாகவும், தரை மிகக் குறைவாகவும் கரையும். கட்டுப்படுத்தாவிட்டால் குகை புனல் போல மேலே விரிந்து, உப்புப் படுகையின் உச்சியைத் தொட்டுவிடும். அகன்ற கூரை எளிதில் இடிந்து விழும்.

இதைத் தடுக்க நைட்ரசன், காற்று, எண்ணெய் போன்ற உப்பைக் கரைக்காத ஒரு பொருள் குகையின் மேற்பகுதியில் செலுத்தப்படுகிறது. உவர்நீரைவிட இலேசானதால் அது மேலே மிதந்து, நீர் கூரையைத் தொடாமல் போர்வை போல் காக்கிறது. முதலில் படுகையின் அடிப்பகுதியில் ஓர் அகலமான குழி கரைக்கப்படுகிறது. உப்புடன் கலந்துள்ள களியும் ஜிப்சமும் கரையாமல் இக்குழியில் தங்கிவிடும். பின்னர் போர்வையின் மட்டத்தைப் படிப்படியாக உயர்த்தி, குகை கீழிருந்து மேலாக வளர்க்கப்படுகிறது.

குகைக்குள் ஒருவரும் இறங்க இயலாது. ஆகவே ஒலியலைக் கருவியைக் கிணற்றின் வழியே இறக்கி, சுவர்களில் மோதித் திரும்பும் எதிரொலியைக் கொண்டு குகையின் வடிவம் அவ்வப்போது அளக்கப்படுகிறது. இந்த அளவீட்டைத் தொடர்ந்து செய்வதே பாதுகாப்பின் அடிப்படை ஆகும்.

தடிமன் குறைந்த படுகைகளில் இரண்டு கிணறுகள் துளைத்து, அவற்றை நிலத்தடியில் இணைக்கும் முறையும் உண்டு. ஒன்றில் நீர் செலுத்தி மற்றதில் உவர்நீர் எடுக்கப்படுகிறது.

உவர்நீரிலிருந்து உப்பு

மேலே வரும் உவர்நீரில் கால்சியம், மக்னீசியம், சல்ஃபேட் ஆகியவை சிறிதளவு கலந்திருக்கும். சோடியம் கார்பனேட், எரிசோடா முதலியவற்றைச் சேர்த்தால் கால்சியமும் மக்னீசியமும் வீழ்படிவாகி அடியில் தங்கும்.

தூய்மையாக்கிய உவர்நீரின் முதன்மைப் பயன் வேதித் தொழிலில் உள்ளது. இதனை மின்னாற்பகுத்தால் குளோரின், எரிசோடா, ஐதரசன் ஆகியவை கிடைக்கும். மேட்டூரிலும் தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்திலும் உள்ள எரிசோடா ஆலைகள் உப்பளங்களில் விளைந்த உப்பை மீண்டும் நீரில் கரைத்து உவர்நீராக்கிப் பயன்படுத்துகின்றன. கரைசல் முறை அகழ்வு நடைபெறும் நாடுகளில் இந்த இடைப்படி தேவையில்லை. உவர்நீர் குழாய் வழியே நேராக ஆலைக்கு வந்துவிடுகிறது.

உணவு உப்பு வேண்டுமெனில் உவர்நீரைக் காய்ச்ச வேண்டும். இதற்கான இயந்திரங்கள் கரும்பு விளையும் பகுதி மக்களுக்குப் புதியவை அல்ல. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சாறு தொடர்வரிசைக் கலன்களில் சுண்டவைக்கப்படுகிறது. முதற்கலனில் எழும் நீராவி இரண்டாம் கலனைச் சூடாக்கும். இரண்டாம் கலனின் நீராவி மூன்றாம் கலனைச் சூடாக்கும். ஒவ்வொரு கலனிலும் அழுத்தம் முந்தையதைவிடக் குறைவாக இருப்பதால், குறைந்த வெப்பநிலையிலேயே நீர் கொதிக்கும். சர்க்கரைத் தொழிலுக்காக நார்பர்ட் ரில்லியூ என்பவர் 1843இல் காப்புரிமை பெற்ற இம்முறை, பின்னர் உப்புத் தொழிலுக்கும் வந்தது. 1887இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் டங்கன் என்பவர் வெற்றிடக் கலனில் உப்புக் காய்ச்சும் முறையைப் புகுத்தினார். கடைகளில் விற்கும் ஒரே அளவான நுண்ணிய தூள் உப்பில் ஒரு பகுதி இவ்வாறு உருவாவதே.

வரலாறு

ஐரோப்பாவின் ஆல்ப்சு மலைப் பகுதியில் உப்பு களியுடன் கலந்தே கிடைக்கிறது. அதை வெட்டி எடுத்தால் உப்புடன் களியும் வரும். ஆகவே இடைக்காலத்திலேயே அங்குச் சுரங்கத்தினுள் அறைகள் வெட்டி, நீர் நிரப்பி, சில வாரங்கள் கழித்து உவர்நீரை வடிக்கும் முறை வழக்குக்கு வந்தது. காய்ச்சுவதற்கு விறகு வேண்டும். ஆஸ்திரியாவின் ஆல்ஸ்டாட் என்னும் ஊரைச் சுற்றிய காடுகள் போதாமல் போனதால், விறகு கிடைக்கும் எபன்சே என்னும் ஊருக்கு உவர்நீரைக் கொண்டுசெல்ல ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளக் குழாய் 1595க்கும் 1607க்கும் இடையே அமைக்கப்பட்டது. துளையிட்ட 13,000 மரத்தடிகள் இதற்குப் பயன்பட்டன. உலகின் மிகப் பழைய தொழில்துறைக் குழாய்வழிகளில் ஒன்றாக இது கருதப்படுகிறது.

சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் மூங்கிலையும் இரும்பு உளியையும் கொண்டு ஆழ்கிணறுகள் துளைத்து உவர்நீர் எடுத்தனர். அங்குள்ள சிகோங் நகரின் சென்காய் கிணறு 1835இல் 1,000 மீட்டர் ஆழத்தைத் தாண்டியது. அக்கிணற்றிலிருந்து வந்த இயற்கை எரிவளியைக் கொண்டே உவர்நீர் காய்ச்சப்பட்டது.

இன்று அமெரிக்காவில் ஆண்டுதோறும் எடுக்கப்படும் உப்பில் ஏறத்தாழ 40 விழுக்காடு உவர்நீர் வடிவிலேயே எடுக்கப்படுகிறது. சீனாவிலும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் இம்முறை பெருமளவில் வழக்கில் உள்ளது.

இந்தியாவில்

இந்தியாவின் உப்பில் பெரும்பகுதி கடல்நீரையும் நிலத்தடி உவர்நீரையும் வெயிலில் உலர்த்திப் பெறப்படுவது. குஜராத் முதலிடம் வகிக்கிறது. தமிழ்நாடும் இராஜஸ்தானும் அதனை அடுத்து வருகின்றன. வெயில் மிகுந்த நாட்டில் உப்பளமே மலிவான முறை என்பதால் பாறை உப்புக்குத் தேவை குறைவாக இருந்தது.

1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் கேவுரா முதலிய பெரிய உப்புச் சுரங்கங்கள் பாக்கிஸ்தானுக்குச் சென்றன. சித்த மருத்துவத்திலும் சமையலிலும் இந்துப்பு என வழங்கும் பாறை உப்பு அதன்பின் பெரும்பாலும் அங்கிருந்தே இறக்குமதியானது. 2019இல் பாக்கிஸ்தான் பொருள்கள் மீது 200 விழுக்காடு சுங்க வரி விதிக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் அந்நாட்டுப் பொருள்களின் இறக்குமதி முழுவதும் தடைசெய்யப்பட்டது.

இந்தியாவுக்குள் பாறை உப்புச் சுரங்கங்களுக்குப் பெயர்பெற்றது இமாசலப் பிரதேசத்தின் மண்டி மாவட்டம் ஆகும். அங்குத் திரங், குமா ஆகிய இடங்களில் உள்ள உப்பு, முன்னர் மண்டி சமத்தானத்தின் முக்கிய வருவாயாக இருந்தது. பின்னர் நடுவண் அரசின் இந்துஸ்தான் சால்ட்ஸ் நிறுவனத்தின் பொறுப்பில் வந்தது. மண்டி உப்பு கருமை கலந்த நிறமுடையது. அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு களியும் பிற கரையாப் பொருள்களும் உள்ளன. ஆல்ப்சு மலை உப்பைப் போலவே, இத்தகைய உப்பைக் கரைத்து எடுத்தால் களி நிலத்தடியிலேயே தங்கிவிடும் என்பது கரைசல் முறையின் சிறப்பு.

இதைவிடப் பன்மடங்கு பெரிய படிவு இராஜஸ்தானின் பிக்கானேர், நாகௌர், அனுமான்கர், கங்காநகர் மாவட்டங்களின் கீழே உள்ளது. ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிய கடலின் எச்சமான இப்படுகைகள், பாலை மணலுக்குக் கீழே பல நூறு மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. இவற்றில் சோடியம் குளோரைடுடன் பொட்டாசு உப்புகளும் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1970களில் கண்டறிந்தது. பொட்டாசு உரத்துக்கு இந்தியா இறக்குமதியையே நம்பியிருப்பதால் இப்படிவு முக்கியத்துவம் பெறுகிறது. கரைசல் முறையில் இதை எடுக்க இயலுமா என ஆராய, இராஜஸ்தான் மாநில அரசுத் துறை, இராஜஸ்தான் மாநிலச் சுரங்க, கனிம நிறுவனம், நடுவண் அரசின் கனிம ஆய்வு நிறுவனம் ஆகியவற்றிடையே 2021 சனவரியில் முத்தரப்புப் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது.

பொட்டாசியம் குளோரைடைப் பிரிக்க ஒரு வேதிப் பண்பு உதவுகிறது. சோடியம் குளோரைடின் கரைதிறன் வெப்பத்தால் மிகச் சிறிதே மாறும். பொட்டாசியம் குளோரைடோ 20 பாகை செல்சியசில் 100 கிராம் நீரில் 34 கிராமும், 100 பாகையில் 56 கிராமும் கரையும். ஆகவே சூடான கரைசலைக் குளிர்வித்தால் பொட்டாசியம் குளோரைடு மட்டும் பெருமளவில் பிரிந்து படியும். இராஜஸ்தான் படிவில் உள்ள பொட்டாசில் பெரும்பகுதி எளிதில் கரையாத பாலிகேலைட்டு என்னும் கனிமமாக இருப்பது ஒரு தடையாகும்.

மற்றொரு தடை நீர். மேலே கண்ட கணக்கின்படி, எடுக்கும் உப்பின் கன அளவைப்போல ஏழு மடங்கு நீர் வேண்டும். உப்பு இருக்கும் இடமோ பாலைநிலம். அங்குப் பாசனத்துக்கும் குடிநீருக்கும் வாய்க்கால்களே ஆதாரம். இந்திரா காந்தி கால்வாய் அவற்றுள் பெரியது. தெவிட்டாத உவர்நீராலும் உப்பைக் கரைக்க முடியும் என்பதால், குடிக்கவும் பயிருக்கும் உதவாத உவர் நிலத்தடி நீரைப் பயன்படுத்துவதும், காய்ச்சிய நீராவியைக் குளிர்வித்து மீண்டும் பயன்படுத்துவதும் இதற்குரிய வழிகளாகும். உழவரின் நீரைக் குறைக்காமல் இதனைச் செய்ய இயலுமா என்பதே இத்தகைய திட்டத்தின் தகுதியை முடிவுசெய்யும்.

உப்புக் குகைகளின் பயன்

உப்பு நீர்மங்களையும் வளிமங்களையும் கசியவிடாது. மேலும் மிகுந்த அழுத்தத்தில் அது மெல்ல நகரும் தன்மை உடையதால் சிறு வெடிப்புகள் தாமே மூடிக்கொள்ளும். எனவே உப்புக் குகைகள் சிறந்த சேமிப்பறைகளாகின்றன.

* பெட்ரோலியம்: அமெரிக்கா 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி லூசியானா, டெக்சாசு மாநிலங்களில் நான்கு இடங்களில் 60 உப்புக் குகைகளில் அவசரக்கால எண்ணெயைச் சேமிக்கிறது.
* அழுத்தக் காற்று: செருமனியின் ஊண்டார்ஃப் மின்நிலையம் 1978 முதல் உப்புக் குகைகளில் காற்றை அழுத்திச் சேமித்து, தேவைப்படும்போது மின்னாக்கம் செய்கிறது.
* ஐதரசன்: இங்கிலாந்தின் டீசைடு பகுதியில் 1970களிலிருந்து உப்புக் குகைகள் ஐதரசன் சேமிக்கப் பயன்பட்டுவருகின்றன.

இந்தியாவின் அவசரக்கால எண்ணெய்க் கிடங்குகள் விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய இடங்களில் உள்ளன. மொத்தக் கொள்ளளவு 53.3 இலட்சம் டன். இவை கடினப் பாறையில் வெடிவைத்துக் குடையப்பட்டவை. கல்வராயன் மலை போன்ற கடினப் பாறை நிலத்தில் குகை வேண்டுமெனில் இதுவே வழி. நீரால் குடைய இயலாது. இராஜஸ்தானில் உப்புக் குகைகளை எண்ணெய்க் கிடங்காக்கும் வாய்ப்பைப் பொதுத்துறை நிறுவனமான இஞ்சினியர்ஸ் இந்தியா 2023இல் ஆராய்ந்தது.

இடர்களும் விபத்துகளும்

இங்கிலாந்தின் செசயர் மாவட்டத்தில் 19ஆம் நூற்றாண்டில் பலர் தத்தம் விருப்பப்படி நிலத்தடி உவர்நீரை இறைத்தனர். இறைத்த இடத்தை நோக்கி வேறிடத்து நன்னீர் ஓடிவந்து, வழியில் இருந்த உப்பையெல்லாம் கரைத்தது. நார்த்விச்சு நகரில் வீடுகளும் தெருக்களும் தாழ்ந்தன. யார் இறைத்ததால் யாருடைய வீடு சாய்ந்தது என்பதை உறுதிசெய்ய இயலவில்லை. ஆகவே உவர்நீர் இறைப்போர் அனைவரிடமும் பணம் திரட்டி இழப்பீடு வழங்க 1891இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. நகரில் பின்னர் கட்டிய கட்டடங்கள் பல, நிலம் தாழ்ந்தால் தூக்கி நிறுத்தும் வகையில் மரச் சட்டங்களால் கட்டப்பட்டன.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பாயு கார்ன் என்னும் சிற்றூருக்கு அருகே, 2012 ஆகஸ்டில் ஒரு பெரும் குழி தோன்றியது. உப்பு மேட்டின் விளிம்பை ஒட்டிக் கரைக்கப்பட்ட ஒரு குகையின் பக்கச் சுவர் உடைந்ததே காரணம். ஏறத்தாழ 350 பேர் வெளியேற வேண்டியதாயிற்று.

அண்மைக்காலத்தின் மிகப் பெரிய பாதிப்பு பிரேசில் நாட்டின் மசெயோ நகரில் நிகழ்ந்தது. அங்கு 1970களிலிருந்து நகரின் அடியிலேயே 35 கிணறுகள் மூலம் உப்பு கரைத்து எடுக்கப்பட்டது. 2018 மார்ச்சில் நிலநடுக்கம் உணரப்பட்டது. வீடுகளிலும் தெருக்களிலும் வெடிப்புகள் தோன்றின. உப்பு அகழ்வே காரணம் என்று பிரேசில் புவியியல் ஆய்வு நிறுவனம் 2019 மே மாதத்தில் அறிவித்தது. பிரஸ்கெம் நிறுவனம் அகழ்வை நிறுத்தியது. ஐந்து குடியிருப்புப் பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 60,000 பேர் இடம்பெயர்ந்தனர். 2023 திசம்பர் 10 அன்று 18ஆம் எண் குகை, மேலிருந்த முண்டாவு கடற்கழியின் அடித்தளத்துடன் இடிந்தது. அதற்கு முன்பே மக்கள் அகற்றப்பட்டிருந்ததால் உயிரிழப்பு இல்லை. எனினும் அவர்களின் தெருக்களும் கடைகளும் பள்ளிகளும் வழிபாட்டிடங்களும் ஆளற்றுப் போயின.

இவ்விபத்துகளிலிருந்து பின்வரும் நெறிகள் பெறப்பட்டுள்ளன.

* அடுத்தடுத்த குகைகளுக்கு இடையே போதிய தடிமனுள்ள உப்புத் தூண்களை விட்டுவைக்க வேண்டும்.
* கூரையின் மேலும் படிவின் விளிம்பிலும் போதிய உப்பைக் கரைக்காமல் விட வேண்டும்.
* ஒலியலை அளவீட்டைக் குறித்த காலத்தில் செய்து, முந்தைய அளவுடன் ஒப்பிட வேண்டும்.
* தரைமட்டம் தாழ்கிறதா என்பதைத் தொடர்ந்து அளக்க வேண்டும்.
* பயன்பாடு முடிந்த குகையை உவர்நீர் நிரம்பிய நிலையிலேயே மூட வேண்டும். வெற்றறையாக விட்டால் சுற்றியுள்ள உப்பு நகர்ந்து குகை சுருங்கும்.
* குடியிருப்புகளுக்கு அடியில் அகழக்கூடாது.

கடைசி நெறி எளிமையானது. மசெயோவில் மீறப்பட்டதும் அதுவே. திறந்த சுரங்கத்தில் குழி எவ்வளவு பெரிதாகிறது என்பதை அருகில் வாழும் எவரும் பார்த்துக் கேள்வி கேட்க இயலும். கரைசல் முறையில் அதை அறிய அளவீடு ஒன்றே வழி. ஆகவே அளவீட்டு முடிவுகள் நிறுவனத்தின் கோப்புகளில் மட்டும் தங்காமல், மேலே வாழும் மக்களுக்கும் கிடைக்க வேண்டியவை.

இவற்றையும் பார்க்க

* உப்பளம்
* இந்துப்பு
* கல்வராயன் மலை
* எரிசோடா